டிபூஷரும் ஐந்தாம் ஆட்டமும்

கூடைப்பந்தில் பந்தைக் கூடைக்குள் எறிபவரையே எல்லோரும் பார்க்கிறார்கள். தவறி மீளும் பந்துக்காகக் கூடையின் கீழே தோளும் முழங்கையும் மோத நிற்பவரை யாரும் எளிதில் கவனிப்பதில்லை. அப்படி நின்ற ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

டேவ் டிபூஷர் 1940-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். ஆறடி ஆறங்குல உயரம். 1962-இல் தம் ஊர்க் குழுவாகிய பிஸ்டன்ஸில் சேர்ந்தார். அந்நாளிலேயே சிகாகோ ஒயிட் சாக்ஸ் குழுவுக்காகப் பேஸ்பாலும் வீசினார். 1964-இல், 24 வயதில், ஆடிக்கொண்டே பிஸ்டன்ஸின் பயிற்சியாளரும் ஆனார். அந்த லீக்கின் வரலாற்றில் அத்துணை இளம் பயிற்சியாளர் வேறொருவர் இல்லை. ஆனால் அது பேறு அன்று, சுமை. அவர் பொறுப்பில் குழு 79 ஆட்டங்களில் வென்றது, 143-இல் தோற்றது. தம்மினும் மூத்த ஆட்டக்காரரை வெளியே அமரச் சொல்ல வேண்டிய அவ்விளைஞரின் நிலையை மாணவர்களே எண்ணிப் பாருங்கள். 1967-இல் அச்சுமை நீங்கியது.

1968 டிசம்பரில் நியூயார்க் நிக்ஸ் குழு, வால்ட் பெல்லமி, ஹோவர்ட் கோமைவ்ஸ் இருவரையும் கொடுத்து அவரைப் பெற்றது. ஆளுக்கு ஆள் மாற்றும் இவ்வழக்கம் எனக்கு இன்றும் விந்தையே. எனினும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. பெல்லமி நின்ற நடு இடத்துக்கு வில்லிஸ் ரீட் வந்தார். ரீட் விட்ட முன்னிடத்தில் டிபூஷர் நின்றார்.

1970-இன் இறுதிப் போட்டியில் எதிரி, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். இரு தரப்பும் இரண்டிரண்டு ஆட்டங்கள் வென்றிருந்தன. ஐந்தாம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ரீட் தொடையில் அடிபட்டு வீழ்ந்தார். ஏழடி ஓரங்குல வில்ட் சேம்பர்லேனை இனி யார் தடுப்பது? டிபூஷரும் மற்றவர்களும் மாறி மாறி நின்றனர். பந்து சேம்பர்லேன் கைக்கு எட்டுமுன்பே மற்றவர் குறுக்கே பாய்ந்து தட்டிப் பறித்தனர். இடைவேளையில் 13 புள்ளி பின்தங்கியிருந்த நிக்ஸ், 107–100 என வென்றது.

ஆறாம் ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. ஏழாம் ஆட்டத்துக்கு ரீட் நொண்டியவாறே அரங்கினுள் வந்த காட்சியைத்தான் உலகம் பேசுகிறது; பேசட்டும். ஐந்தாவது தோற்றிருந்தால் ஏழாவது ஏது? 1946-இல் தோன்றிய அக்குழுவுக்கு அதுவே முதற் பட்டம்.

1973-இல் மற்றொரு பட்டம் பெற்று, 1974-இல் டிபூஷர் விளையாட்டை விட்டார். 2003-இல் காலமானார். அவர் அணிந்த 22 என்னும் எண்ணை நிக்ஸ் குழுவில் இப்பொழுது எவரும் அணிவதில்லை.