போதை மீட்சியில் உடற்பயிற்சி

மது, புகையிலை, அபினி வகைப் பொருள்கள் முதலியவற்றுக்கு அடிமையான நிலையிலிருந்து மீள்வோருக்கு மருந்துடனும் உளவள ஆலோசனையுடனும் துணைமுறையாக அளிக்கப்படும் உடலியக்கப் பயிற்சிகள் போதை மீட்சி உடற்பயிற்சி எனப்படும். நடை, மெல்லோட்டம், குழு விளையாட்டு, யோகாசனம் ஆகியன இதில் அடங்கும். இது தனித்த சிகிச்சை அன்று.

செயற்படும் விதம்

போதைப்பொருள் மூளையின் டோப்பமின் சார்ந்த வெகுமதி அமைப்பைத் தொடர்ந்து தூண்டி, அதன் ஏற்பிகளைக் குறைக்கிறது. இதனால் உணவு, உறவு, விளையாட்டு போன்ற இயல்பான இன்பங்கள் சுவையற்றுப் போகின்றன. உடற்பயிற்சி இவ்வமைப்பை மிதமாகத் தூண்டுகிறது. உறக்கத்தையும் மனநிலையையும் சீராக்குகிறது. சில நிமிட விரைவுநடை கூடப் புகைக்கும் வேட்கையைச் சிறிது நேரம் தணிக்கும்.

ஆய்வுகள்

பெங்களூர் நிம்ஹான்சு நிறுவனத்தில், மது நச்சு நீக்கம் முடித்த 60 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2006 இல் வெளியானது. இரண்டு வாரம் சுதர்சன கிரியா எனும் மூச்சுப் பயிற்சி செய்தோரிடம் மனச்சோர்வும் கார்ட்டிசால் அளவும் மற்றவர்களைவிட மிகுதியாகக் குறைந்தன. எனினும் இரண்டு வார ஆய்வைக் கொண்டு நீண்டகால மதுவிலக்கைப் பற்றி எதுவும் கூற இயலாது. புகைப்பழக்கம் குறித்த 24 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மீளாய்வு (2019), உடற்பயிற்சி சேர்த்ததால் நிலையாகக் கைவிட்டோர் தொகை கூடியதற்குச் சான்று இல்லை என்றது. வேட்கையைத் தணிப்பதும் பழக்கத்தை விடச் செய்வதும் வெவ்வேறு.

எச்சரிக்கை

நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த சில நாள்களில் மனக்குழப்பம், மாயத்தோற்றம், நடுக்கம் ஆகியன தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். "ஓடி வியர்த்தால் போதை இறங்கிவிடும்" என்னும் நம்பிக்கை இந்நிலையில் கேடானது. மருத்துவமனையில் விலகல் அறிகுறிகள் அடங்கி, தயமின் குறைபாடு சரிசெய்யப்பட்டு, இதயமும் கல்லீரலும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே பயிற்சி தொடங்க வேண்டும். பாதங்களில் உணர்விழப்பு உள்ளவர்க்கு ஓட்டம் ஏற்றதன்று.

மலைப்பகுதிகளில்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சவ்வாது மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சுதல் நெடுநாள் சிக்கலாகும். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை முதலியன பயிரிட்டு, சரிவுகளில் ஏறியிறங்கி உழைப்பவர்கள். இவர்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்னும் கேள்வி நியாயமானதே. கடும் உழைப்பின் உடல்வலியைப் போக்கவே குடிப்பதாகக் கூறுவோர் தமிழ்நாடெங்கும் உளர். அத்தகையோர்க்குக் கூடுதல் உடலுழைப்பைவிட, குடிக்கும் நேரமாகிய மாலையை நிரப்பும் சடுகுடு, கைப்பந்து போன்ற கூட்டு விளையாட்டே பொருந்தும். குடிக்கூட்டாளிகளுக்கு மாற்றாக வேறொரு நட்பு வட்டத்தையும் அது தருகிறது. ஆனால் நச்சு நீக்கத்திற்கு மலையிலிருந்து இறங்கியே ஆக வேண்டிய ஊர்களில், முதற்படியாகிய மருத்துவமே தொலைவில் உள்ளது.