சிதறிய மக்களும் சேர்ந்த குழுவும்
கேப் வேட் தீவுகளின் உதைபந்தாட்ட வரலாறு

நாடுகளின் வரலாற்றை அரசர்தம் போர்களிலும் உடன்படிக்கைகளிலும் தேடுதல் மரபு. ஆயினும், மக்கட் கூட்டமொன்று தன்னை ஒரு நாடென உணரும் நிலை விளையாட்டுத் திடலிலும் புலப்படுதல் உண்டு. ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்திற் கிடக்கும் கேப் வேட் தீவுகளின் உதைபந்தாட்ட வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

தீவுகள் பத்து, பரப்பு 4,033 சதுர கிலோமீற்றர், மக்கள் தொகை ஏறக்குறைய ஐந்து இலட்சம். ஆளரவமற்றுக் கிடந்த இத்தீவுகளில் 1462 இல் போத்துக்கேயர் குடியேறினர். ஆபிரிக்கரை அடிமைகளாகக் கொணர்ந்தனர். மழை அடிக்கடி பொய்க்கும் நிலமாதலின் பஞ்சம் மீண்டும் மீண்டும் தலைகாட்டிற்று. 1940 ஆம் ஆண்டுகளில் நேர்ந்த பஞ்சங்களில் மாண்டோர் பல்லாயிரவர். எஞ்சியோருள் பலர் போத்துக்கல், ஒல்லாந்து, பிரான்சு, அமெரிக்கா எனக் கடல் கடந்தனர். தாயகத்தில் வாழ்வோரினும் புறநாடுகளில் வாழும் அம்மரபினரே மிகுதியென்பர்.

இவ்விடப்பெயர்வின் விளைவு உதைபந்தாட்டத்திலும் தெரிந்தது. சுவீடனுக்காக ஆடிப் புகழீட்டிய ஹென்றிக் லார்சனின் தந்தையார் கேப் வேட் நாட்டினர். பிரான்சின் பற்றிக் வியேராவின் தாயாரும் அம்மரபினரே. தாயகத்தின் ஆற்றல் பிறர் கொடிகளின் கீழ் ஒளிர்ந்தது. 1975 யூலை 5 இல் விடுதலை பெற்ற அந்நாடு, 1986 இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்திற் சேர்ந்ததாயினும், 2002 ஆம் ஆண்டு உலகக்கிண்ணத்திற்கான தகுதிச் சுற்றிலேதான் முதன்முதலாகக் கலந்துகொண்டது.

திருப்பம் 2012 இல் நிகழ்ந்தது. நான்கு முறை ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றிருந்த கமரூனைத் தகுதிச் சுற்றின் இரு ஆட்டங்களிலுமாக 3–2 என வீழ்த்தி, 2013 இல் தென்னாபிரிக்காவில் நடந்த போட்டிக்குள் இச்சிறு நாடு புகுந்தது. புகுந்ததோடமையாது காலிறுதியையும் எட்டி, கானாவிடமே தோற்றது. அவ்வாண்டின் செத்தெம்பரில் தூனிசியாவை அதன் மண்ணிலேயே 2–0 என வென்றபோது, உலகக்கிண்ண வாயில் அண்மித்துவிட்டதென்றே மக்கள் களித்தனர். ஆனால், தடைக்குள்ளாகியிருந்த ஆட்டக்காரர் ஒருவரைக் களமிறக்கியமையால் அவ்வெற்றி பறிக்கப்பட்டுத் தூனிசியாவுக்கு அளிக்கப்பட்டது. விதியறியாமை வீரத்தை வீணாக்கும் என்பதற்கு இதனினும் கசப்பான பாடம் வேண்டுவதில்லை.

மனந்தளராது பன்னீராண்டுகள் உழைத்தனர். முன்னாளில் அணித்தலைவராயிருந்த புபிஸ்தா என்பார் 2020 இற் பயிற்றுநரானார். 2025 செத்தெம்பரிற் கமரூனை 1–0 என வென்ற குழு, ஒற்றோபர் 13 இல் தலைநகர் பிறாயாவில் எசுவாத்தினியை 3–0 என வென்று, 2026 ஆம் ஆண்டு உலகக்கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. பத்து ஆட்டங்களில் ஏழு வெற்றி, இரு சமநிலை, ஒரு தோல்வி. கமரூன் இரண்டாமிடத்தில் நின்றது.

புறநாட்டிற் பிறந்தோரைத் திரட்டிப் பெற்ற வெற்றி நாட்டின் வெற்றியாகுமோ என வினவுவாருளர். வினா புறக்கணிக்கத்தக்கதன்று, உள்ளூர்ப் பயிற்சியும் திடலும் செழிக்காவிடின், கடன் வாங்கிய வளம் நெடுநாள் நிலையாது. எனினும், இறுதி ஆட்டத்தின் மூன்று கோல்களையும் நோக்குக. முதலாவதை அடித்த டைலன் லிவ்ரமென்ரோ றொட்டர்டாமிற் பிறந்தவர். இரண்டாவதை அடித்த வில்லி செமேடோ பிரான்சிற் பிறந்தவர். இறுதிக் கோலை அடித்த முதுவீரர் ஸ்தோப்பிராவோ பிறாயாவிலேயே பிறந்தவர். பஞ்சத்தால் ஊர்தோறும் சிதறிய ஒரு மக்களின் வரலாறு முழுவதும் அம்மூன்று கோல்களில் அடங்கியுள்ளது. புறத்தே பிறந்தோரை விலக்கின், அவர்தம் பாட்டன்மாரைத் துரத்திய பஞ்சத்திற்கு இரண்டாம் முறையும் வெற்றி தந்தவராவோம். தாயகத்தை மறவாத பிள்ளைகளும், அவர்களை அந்நியரென்னாத தாயகமும் ஒருங்கு கூடிய இடத்தில், சிறுமை தடையாகவில்லை என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.