சூப்புக் குடித்தவர்கள்

அயர்லாந்துக் கிராமங்களில் வெகுகாலம் வழங்கிய வசைச்சொல் ஒன்று உண்டு. 'அவர்கள் சூப்புக் குடித்த குடும்பம்' என்பார்கள். பாட்டன் குடித்த சூப்புக்குப் பேரன் தலைகுனிந்தான். பசித்தவன் ஒரு கிண்ணம் சூப்புக் குடித்ததில் என்ன இழிவு வந்துவிட்டது? அதைத் தெரிந்துகொள்ள 1847-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்நாட்டு ஏழைக் குடியானவனுக்கு உருளைக்கிழங்குதான் சோறு, கறி எல்லாம். தானியம் விளைந்தால் அது குத்தகைக்குப் போய்விடும். 1845-ல் கிழங்குப் பயிரில் நோய் கண்டது. அடுத்த ஆண்டு விளைச்சல் அநேகமாக முழுதும் அழுகிப்போயிற்று. சும்மா சோறு போட்டால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று சர்க்கார் பயந்தது. கல்லுடைத்துச் சாலை போடு, கூலி வாங்கித் தின்னு என்றது. 1847 மார்ச்சில் ஏழு லட்சம் பேர் அப்படிக் கல்லுடைத்தார்கள். நிற்கவே தெம்பில்லாதவன் சம்மட்டியை எப்படித் தூக்குவான்?

இந்த நிலையில்தான் குவேக்கர்கள் வந்தார்கள். பாதிரி இல்லாமல், பாட்டு இல்லாமல், மௌனமாக உட்கார்ந்து ஆண்டவனைத் தொழும் கிறிஸ்தவர்கள் இவர்கள். அயர்லாந்து முழுவதிலும் சுமார் 3,000 பேர்தான், பெரும்பாலும் வியாபாரிகள். 1846 நவம்பரில் டப்ளினில் ஒரு நிவாரணக் கமிட்டி அமைத்தார்கள். ஜோசப் பியூலி, ஜானதன் பிம் இருவரும் காரியதரிசிகள். இங்கிலாந்திலிருந்து வில்லியம் பார்ஸ்டர் என்ற முதியவர் வந்து, அந்தக் கடுங்குளிரில் மேற்குப் பிரதேசமெல்லாம் சுற்றி நிலைமையை நேரில் பார்த்தார். ஊர் ஊராகக் கொப்பரைகள் போயின. டப்ளினில் அவர்கள் நடத்திய கடையில் ஒரு குவார்ட் சூப்பு ஒரு பென்னி. அதுவும் இல்லாதவருக்குத் தர்மவான்கள் சீட்டு வாங்கிக் கொடுக்கலாம். நம் ஊர்ப் பஞ்சக் காலத்துக் கஞ்சித் தொட்டிதான்; ஆனால் ஒரு வித்தியாசம். காசோ சீட்டோ நீட்டி வாங்குகிறவன் கையேந்தவில்லை அல்லவா? நீ எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்றும் யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. லண்டன் பிரபுக்களின் சமையல்காரர் அலெக்ஸிஸ் சோயர் 1847 ஏப்ரலில் டப்ளினில் ஒரு மாதிரிச் சமையற்கூடம் திறந்தார். 2 காலன் தண்ணீருக்குக் கால் பவுண்டு மாட்டிறைச்சி. அது அவருடைய சிக்கன சூப்பு. மணி அடித்தால் 100 பேர் உள்ளே வர வேண்டும். சங்கிலியில் கட்டிய கரண்டியால் குடித்துவிட்டு, அடுத்த மணிக்கு வெளியேற வேண்டும். திறப்பு நாளில் சீமான்களும் சீமாட்டிகளும் ஐந்து ஷில்லிங் கொடுத்து, ஏழைகள் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தார்களாம். மிருகக் காட்சி சாலைக்குக்கூடக் கட்டணம் அவ்வளவு இராது!

இதைவிடக் கொடுமை வேறொன்று. சில இடங்களில் பிராட்டஸ்டண்டு மிஷன்கள் சூப்போடு பைபிள் பாடத்தையும் சேர்த்து ஊட்டின. கத்தோலிக்கக் குழந்தைகள் பாடம் கேட்டால்தான் சாப்பாடு. 'சூப்புக் குடித்தவன்' என்ற பழி அங்கே பிறந்தது. நியாயமாகச் சொன்னால், எல்லாப் பாதிரிமார்களும் இப்படிச் செய்யவில்லை. ஜாதிமதம் பாராமல் உழைத்து, விஷக்காய்ச்சல் தொற்றி மாண்ட பிராட்டஸ்டண்டுப் பாதிரிகள் பலர். பழிச்சொல் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை.

கடைசியில் சர்க்காரே கல்லுடைப்பை நிறுத்திவிட்டுக் கொப்பரை வைத்தது. 1847 ஜூலையில் நாள்தோறும் சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். மனம் வைத்தால் முடியும் என்பது தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு, அந்த இலையுதிர் காலத்திலேயே எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்! பஞ்சமோ முடியவில்லை.

1849-ல் நிதி இலாகாவின் சார்லஸ் டிரெவெல்யன் குவேக்கர்களுக்கு எழுதினார். பத்து வருஷம் கழித்து நம் சென்னைக்குக் கவர்னராக வந்தாரே, அதே டிரெவெல்யன்தான். பிரதம மந்திரி 100 பவுன் தருகிறார், நீங்கள் மறுபடி நிவாரண வேலையைத் தொடங்கலாமே என்பது கடிதத்தின் சாரம். அதற்குள் குவேக்கர்களில் சிலர் இறந்திருந்தார்கள். பியூலி உழைத்து உழைத்துத் தளர்ந்திருந்தார், இரண்டு வருஷத்தில் அவரும் போய்விட்டார். பிம் மரியாதையாகவே பதில் எழுதினார்: இது தனி மனிதர்களின் தர்மத்தால் ஆகிற காரியமல்ல, ஜனங்களைக் காப்பாற்றும் பணமும் அதிகாரமும் சர்க்காரிடம்தான் இருக்கின்றன என்று.