படிகாரம்: கட்ச் பாத்தியிலிருந்து குடிநீர்த் தொட்டிக்கு

செயற்கைச் சாயங்களின் வரவே இந்தியப் படிகாரத் தொழிலை அழித்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. வேதியியல் இதற்கு எளிதில் இடம்தருவதில்லை. கிரேபும் லீபர்மனும் 1868இல் ஆய்வகத்தில் உருவாக்கிய அலிசரின், ஐரோப்பிய மஞ்சிட்டி வேளாண்மையை வீழ்த்தியது உண்மை. ஆனால் அந்த அலிசரினும் பருத்தியில் சிவப்பாக நிலைக்க அலுமினிய உப்பையே நாடியது. வீழ்ச்சியின் காரணத்தைச் சாயத்தில் அன்று, உப்பிலேயே தேட வேண்டும்.

கட்ச் பகுதியின் மாதா நா மட் அருகே படிகாரம் காய்ச்சப்பட்டது. இப்பகுதியின் நிலவியல் குறித்த வின்னின் விரிவான அறிக்கை 1872இல் வெளிவந்தது. தோண்டிய களிப்பாறையை மாதக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் கிடத்துவர். பாறையிலுள்ள இரும்புப் பைரைட்டு மெல்ல ஆக்சிசனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகி, களிமண்ணின் அலுமினாவைக் கரைக்கும். பின்னர் உப்பளம்போல் பாத்தி கட்டி நீர் தெளிப்பர்; மேலே பூத்த உப்பைப் பொட்டாசிய உப்புடன் சேர்த்துக் காய்ச்சிப் படிகமாக்குவர். அமிலத்தை விலைக்கு வாங்காமல் பாறையையே அமிலம் சுரக்க வைத்த அறிவு அது.

அதே பைரைட்டுதான் குறையும் ஆனது. படிகாரத்தில் சிறிதளவு இரும்பு தங்கினாலும் சிவப்பு மங்கிவிடும். அஜ்ரக் அச்சில் இரும்பு கறுப்புக்கும் படிகாரம் சிவப்புக்கும் உரியவை, இரண்டும் கலக்கலாகாது.

பாக்சைட்டையும் கந்தக அமிலத்தையும் கொண்டு ஆலையில் செய்த அலுமினிய சல்பேட்டுக்குப் பொட்டாசியமே தேவையில்லை. பொட்டாசியப் படிகாரத்தில் அலுமினா ஏறத்தாழ 10.8 விழுக்காடு; பதினெட்டு நீர் மூலக்கூறுகள் கொண்ட சல்பேட்டில் 15.3. ஒரே எடைக்கு ஏறத்தாழ 1.4 மடங்கு பயன் என்னும்போது கட்ச் பாத்தி எவ்வாறு ஈடுகொடுக்கும்?

சந்தையில் இரண்டுக்கும் 'படிகாரம்' என்றே பெயர் நிலைத்தது. ஆவணங்களை வாசிப்போர் இதில் அடிக்கடி இடறுவர். குடிநீர் நிலையங்களில் கலங்கலைத் திரட்டிப் படியவைப்பது பெரும்பாலும் சல்பேட்டே. நீரில் கரைந்ததும் அது அமிலத்தன்மை கொள்ளும்; காப்புப் பூச்சில்லாத இரும்பையும் காரைத் தளத்தையும் அரிக்கும்; தூள் கண்ணை உறுத்தும். அளவு மிகுந்தாலோ நீரின் காரத்தன்மை குறைந்தாலோ அலுமினியம் நீரிலேயே எஞ்சும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க வரம்பாக லிட்டருக்கு 0.03 மில்லிகிராமையும், மாற்று நீராதாரம் இல்லாதபோது 0.2 மில்லிகிராமையும் வகுத்துள்ளது. இக்கரைசல் சலவைத்தூளுடனோ ஹைப்போகுளோரைட்டுடனோ கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். இரண்டும் ஒரே நிலையத்தில் அன்றாடம் புழங்குபவை. ஆகவே கிடங்கும் கரைக்கும் தொட்டியும் தனித்தனியே இருத்தல் கட்டாயம்.