நன்னடத்தைச் சான்று

பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளைக்குக் கொடுக்கும் டி.ஸி.யில் ஒரு வரி உண்டு. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் எழுதிய பிறகு, நடத்தையைப் பற்றிய வரி அது. அதற்கு நேரே தலைமை ஆசிரியர் 'நன்று' என்று எழுதுவார். முதல் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தவனுக்கும் 'நன்று'தான்; கடைசி பெஞ்சிலிருந்து ஜன்னல் வழியே இறங்கிப் போனவனுக்கும் 'நன்று'தான். எழுதுகிறவர் யோசிப்பதில்லை, வாங்குகிறவர் படித்துப் பார்ப்பதுமில்லை. இவ்வளவு தாராளமாக வழங்கப்படும் நற்சாட்சிப் பத்திரம் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் எல்லோருக்கும் அது அவ்வளவு லேசான வரி அல்ல. படிப்பின் நடுவே ஒரு வழக்கில் சிக்கி, சிறைக்குப் போய், ஜாமீனில் வந்து, மறுபடியும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு காலேஜ் வாசலில் நிற்கிற பையனுக்கு அந்த ஒரு வரி பெரிய கதவு. அவனிடம் காலேஜ் எதைக் கேட்கலாம்? எதைக் கேட்கக் கூடாது? இந்தக் கேள்வி நம் நாட்டுக்குப் புதிதல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் கசப்பான சரித்திரம்.

சின்னசேலம் தாலுகாவில் நைனார்பாளையம் என்று ஓர் ஊர். வடமேற்கே கல்வராயன் மலை. சுற்றிலும் விவசாயக் கிராமங்கள். 1993 வரையில் தென்னார்க்காடு ஜில்லா, பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஜில்லாதான் பெயரை மாற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில், காலேஜ் படி ஏறும் பிள்ளை அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாக இருப்பது இன்றும் அபூர்வமல்ல. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு படிப்பு நின்று போனால், ஒருவன் படிப்பு மட்டும் நின்றதாக அர்த்தமில்லை.

இதே சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் 2022-ம் ஆண்டு ஜூலை மாதம் நடந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். தனியார் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படித்த மாணவி இறந்து போனாள். நியாயம் கேட்டுக் கூடிய கூட்டம், 17-ந் தேதி கலகக் கூட்டமாக மாறிவிட்டது. பஸ்கள் எரிந்தன, பள்ளி சூறையாடப்பட்டது, அங்கே படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீயில் போயின. அதன் பிறகு 300 பேருக்கு மேல் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் வாலிபர்கள் ஏராளம், மாணவர்களும் உண்டு. யார் தீ வைத்தார், யார் வேடிக்கை பார்த்தார் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் ஒன்று கவனியுங்கள். எரிந்து போன சான்றிதழுக்குப் பதில் புதுச் சான்றிதழ் கொடுக்க சர்க்காரால் முடியும். பெயரில் விழுந்த கரிக்கு மறு நகல் கொடுக்கும் ஆபீஸ் எங்கே இருக்கிறது?

ஒரு மனிதனுடைய பெயரை ஏட்டில் எழுதிக்கொண்டு, அவன் போகிற இடமெல்லாம் அந்த ஏட்டையும் கூடவே அனுப்பும் வழக்கத்தை இந்தச் சீமை நன்றாக அறியும். 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரையினர் சட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. வடக்கே பிறந்த அந்தச் சட்டம் 1911-ல் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. ஒரு ஜாதியையே குற்றவாளி என்று அறிக்கை போட்டுவிடலாம். பிறகு அதில் பிறந்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை எடுக்கலாம். ஊரை விட்டுப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகச் செய்யலாம். அவன் என்ன செய்தான் என்பது கேள்வியல்ல. யாருக்குப் பிறந்தான் என்பதுதான் கேள்வி.

பழைய தென்னார்க்காட்டில், நைனார்பாளையத்துக்கு வெகு தூரமில்லாத வேப்பூரின் பெயரையே அடைமொழியாகச் சூட்டி, அந்தப் பகுதியின் தாழ்த்தப்பட்ட மக்களில் ஒரு பிரிவினரை இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே ஜில்லாவில் அஸிஸ் நகர் என்ற இடத்தில் அவர்களுக்குக் காவலோடு கூடிய குடியிருப்பு ஏற்பட்டது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளியில் வைக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. அதாவது, நடத்தைச் சான்று வேண்டி பள்ளிக்கூடத்துக்குப் போவதல்ல; நடத்தை கெட்டது என்ற சான்றை முதலில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவது! சென்னை ராஜதானியில் 1947-லும், நாடு முழுவதிலும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, 'அந்த ஊர்க்காரனா?' என்று கேட்கிற புருவம் அவ்வளவு சீக்கிரம் ஒழியவில்லை.

கிராமத்தானுக்குக் கைரேகைப் பதிவேடு என்றால், காலேஜ் மாணவனுக்கு சர்க்கார் சுற்றறிக்கை. 1905-ல் வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் கிளம்பிய போது, கார்லைல் என்ற அதிகாரி ஒரு சுற்றறிக்கை விட்டார். மாணவர்களை அரசியலிலிருந்து தடுக்காத பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சர்க்கார் மானியம் நின்றுபோகும் என்பது அதன் சாரம். அன்று முதல் மாணவனின் 'நடத்தை' என்ற சொல்லுக்குப் புது அர்த்தம் ஏற்பட்டது. திருடாமல் இருப்பது மட்டும் நன்னடத்தை அல்ல. கோஷம் போடாமல் இருப்பதும் நன்னடத்தை!

இரண்டு மாணவர்களின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாமவர் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜ் மாணவர். 1916-ல் ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரை மாணவர்கள் தாக்கிய விவகாரத்தில் வெளியேற்றப்பட்டார். ஓராண்டுக்கு மேல் படிப்பில்லை. பிறகு ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜ் தலைவர் அர்க்குஹார்ட்டிடம் போய் இடம் கேட்டார். பழைய காலேஜ் தலைவருக்கு ஆட்சேபணை இல்லையென்றால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். அண்ணன் அலைந்து அந்தச் சம்மதத்தை வாங்கி வந்தார். 1917-ல் படிப்பு தொடர்ந்தது, 1919-ல் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார், 1920-ல் ஐ.ஸி.எஸ். பரீட்சையில் நாலாவதாக வந்தார். அடுத்த வருஷமே அந்தப் பதவியைத் தூக்கி எறிந்தார். சுபாஷ் சந்திர போஸ் என்ற பெயரைச் சொல்லத் தேவையே இல்லை.

இரண்டாமவர் நம் பக்கத்துக்காரர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். அண்ணாமலை சர்வகலாசாலை மாணவர்கள் மீது நடந்த அடக்குமுறையைக் கண்டித்த குற்றத்துக்காக 1941-ல் கைதானார். கடைசிப் பரீட்சைக்குச் சில தினங்களே பாக்கி. சிறைக்குப் போனார், பரீட்சை போயிற்று, பட்டம் அதோடு போயிற்று. அவர்தான் என். சங்கரய்யா. பின்னால் மூன்று முறை சட்டசபை அங்கத்தினரானார். அந்தப் பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவேயில்லை. 2023-ல் மதுரை காமராசர் பல்கலைக் கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கத் தீர்மானித்தது. வேந்தரான கவர்னர் ஒப்புதல் தரவில்லை. அந்த நவம்பரில், நூறு வயதைக் கடந்தவராய், அவர் காலமானார்.

இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? திறமையிலா, குணத்திலா? ஒருவர் வந்து நின்ற வாசலில், ஆளைப் பார்த்துப் பேசி முடிவு செய்ய ஒரு மனிதர் இருந்தார். மற்றவர் விஷயத்தில் காலண்டர்தான் முடிவு செய்தது. போஸுக்கு ஓர் அண்ணன் இருந்ததையும் மறக்கக் கூடாது. கடிதம் வாங்கி வர அண்ணன் இல்லாதவன் என்ன செய்வான்?

மேல்நாடுகளிலும் இந்த விவகாரம் உண்டு. அமெரிக்காவில் காலேஜ் விண்ணப்பத்திலேயே 'நீ எப்போதாவது குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவனா?' என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். நியூயார்க் மாகாணப் பல்கலைக் கழகம் 2016-ல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட முடிவு செய்தது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்திலிருந்தும் 2019-ல் அது நீங்கியது. ஆனாலும், தனியாகக் கேட்டுக்கொள்ள விரும்பும் காலேஜுக்குத் தடையில்லை. பிரிட்டனிலும் 2018-ல் அந்தக் கேள்வியைப் பெரும்பாலான படிப்புகளுக்கு விட்டுவிட்டார்கள். வைத்தியம், நர்ஸ் வேலை, ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் படிப்புகளில், நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பி வருகிறவரிடம் மறுபடி கேட்பதும் உண்டு.

இது நியாயம்தான் என்று சொல்ல வேண்டும். நோயாளியின் கட்டிலருகே இரவில் தனியாக நிற்கப் போகிறவரைப் பற்றி ஆஸ்பத்திரி விசாரிக்கக் கூடாதா? குழந்தைகளை ஒப்படைக்கிற நமக்கு அந்த உரிமை கிடையாதா? நிச்சயம் உண்டு. ஆனால் சரித்திரமோ கணக்கோ படிக்கப் பெஞ்சில் உட்காரப் போகிறவனிடம் அதே கேள்வியைக் கேட்டு என்ன பயன்? அவனைப் படிக்க விடாமல் வெளியே நிறுத்தினால் ஊர் பத்திரமாகிவிடுமா? வேலையும் படிப்பும் இல்லாத ஒருவன் டீக்கடை வாசலில் கூடுதலாகச் சேருவான், அவ்வளவுதான்.

நம் சட்டங்கள் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடப் பெருந்தன்மை உள்ளவை. 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், முதல் தவறு செய்தவனைச் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ கண்காணிப்பிலோ விட இடம் தருகிறது. அப்படி விடப்பட்டவனுக்கு அந்தத் தீர்ப்பினால் தகுதிக் குறைவு ஏற்படக் கூடாது என்றும் சொல்கிறது. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், பெருங்குற்றங்கள் சில நீங்கலாக, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் செய்த தவறு பிற்காலத்தில் தகுதிக் குறைவாகக் கூடாது என்கிறது. உரிய காலம் போன பின் அந்தப் பதிவை அழித்துவிடவும் சொல்கிறது. வேலைக்கு வருகிறவர் பழைய வழக்கை மறைத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்ன தீர்ப்பிலும், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறைக் குற்றங்களை மன்னித்துவிடலாம் என்ற கருத்து இருக்கிறது.

சட்டம் மறக்கச் சொல்கிறது. ஆபீஸ்தான் மறக்க மறுக்கிறது. எஃப்.ஐ.ஆர். என்பது தீர்ப்பு அல்ல. ஒருவர் கொடுத்த புகாரைப் போலீஸ் எழுதிக்கொண்ட காகிதம். கூட்டத்தில் பிடிபட்டவன் பெயரும் அதில் இருக்கும். கூட்டத்தைப் பார்க்கப் போனவன் பெயரும் இருக்கும். அதைப் பார்த்து ஒருவன் படிப்பை முடிவு செய்வது, விசாரணைக்கு முன்னே தண்டனையை நிறைவேற்றுவதுதான்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முதல் அத்தியாயத்தில் ஒருவன் தப்புச் செய்தால், பிறகு அவன் என்ன ஆனான் என்று சொல்ல இன்னும் முப்பது அத்தியாயம் இருக்கிறது. விண்ணப்பப் பாரத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டம். ஆகவே கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் கேட்கட்டும். கேட்டால், போலீஸ் என்ன எழுதியது என்பதை விட்டு, நீதிமன்றம் என்ன சொன்னது என்று கேட்கட்டும். கேட்ட பின், நாற்காலியைக் காட்டி அவன் வாயாலும் சொல்ல வைத்துக் கேட்கட்டும்.

நைனார்பாளையத்திலிருந்தோ கனியாமூரிலிருந்தோ ஒரு பையன் நாளைக்குத் திரும்பி வரலாம். போன வருஷத்துப் புத்தகமும், கோர்ட்டு வாய்தாச் சீட்டும் ஒரே பையில் இருக்கலாம். சீட்டைப் பற்றிக் கேட்க நீதிபதி இருக்கிறார். புத்தகத்தைப் பற்றிக் கேட்க வாத்தியாரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?