தகடும் சில்லும்: காவலூர் வானாய்வகத்தின் இரு தலைமுறைக் கேமராக்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் பதனிடுதலால் பெயர்பெற்ற ஊர்கள் நிறைந்த பாலாற்றுப் பகுதிக்குத் தெற்கே, ஜவ்வாது மலையில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் அமைந்துள்ளது. ஏற்கெனவே வானாய்வகம் இருந்த கோடைக்கானலின் மேகமூட்டம் இரவு வானாய்வுக்குத் தடையாக இருந்தமையால், தென்வானமும் நன்கு தெரியும் இருண்ட இடமொன்றைத் தேடிய வானியலாளர் வைணு பாப்பு, அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் இம்மலையைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் ஜெனா நகர ஸைஸ் நிறுவனத்தின் 102 செ.மீ. தொலைநோக்கியும் இங்கு இயங்கத் தொடங்கின. 1982இல் மறைந்த பாப்புவின் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டது. ஆயினும் ஆடியின் விட்டத்தைக் கொண்டே இக்கருவிகளின் வரலாற்றைச் சொல்வது போதாது. ஆடி திரட்டிய ஒளியை ஏற்றுக்கொண்டது எது என்பதும் அவ்வரலாற்றில் சம பங்குடையது.

முதல் தலைமுறையில் அப்பணியைச் செய்தது ஒளிப்படத் தகடு, அதாவது வெள்ளி புரோமைடின் நுண்துகள்களை ஜெலட்டினில் கலந்து கண்ணாடியில் பூசி உலர்த்திய பலகை. 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் அறிமுகப்படுத்திய இம்முறையில், ஒளிபட்ட துகள்கள் உருத்துலக்கும் கரைசலில் கரிய வெள்ளியாக மாறும். ஜெலட்டின் அக்கரைசலை உறிஞ்சி உப்பினாலும் துகள்களை இடம்பெயர விடாது.

அந்த ஜெலட்டின் எதிலிருந்து கிடைத்தது என்பது, தோல் ஊர்களின் அண்டையில் எழுந்த ஒரு வானாய்வகத்தின் வரலாற்றில் விட்டுவிடத் தகாத செய்தி. தோலின் நார்ப்பொருளாகிய கொலாஜனே வெந்நீரில் இளகி ஜெலட்டினாகிறது. சுண்ணாம்பில் ஊறிய தோலின் ஓரங்களை நறுக்கி, சவ்வைச் சுரண்டும்போது டேனரிகளில் கழியும் துண்டுகள் தச்சரின் வச்சிரப் பசைக்கும், மேலும் தூய்மைப்படுத்தினால் ஜெலட்டினுக்கும் மூலப்பொருளாகும். ஒரே சேர்மானத்தில் செய்த தகடுகளுள் சில கூரியனவாகவும் சில மந்தமாகவும் அமைந்த புதிரைக் கோடக் ஆய்வகத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் 1925இல் விடுவித்தார்: மாடுகள் மேய்ந்த கடுகினச் செடிகளிலிருந்து ஜெலட்டினில் தங்கிய கந்தகச் சேர்மங்களின் மிகச் சிறிய எச்சமே ஒளியுணர்வைக் கூட்டியிருந்தது. மேய்ச்சல் நிலத்தின் ஒரு செடி விண்மீன்களின் படத்தைத் தெளிவாக்கியது என்னும் இவ்வுண்மை, ஒளிப்படக்கலையின் வரலாற்றிலேயே வியப்பு மிக்க பகுதி எனலாம்.

எனினும் தகடு தன்மேல் விழும் ஒளித்துகள்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டையே பதிவு செய்தது; மங்கிய ஒளியை நெடுநேரம் ஏற்கையில் அதன் உணர்திறன் மேலும் தளர்ந்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய, பின்னர் 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்த சிசிடி என்னும் சிலிக்கான் சில்லு, நூற்றில் பாதிக்கும் மேற்பட்ட ஒளித்துகள்களைப் பிடித்தது. அதில் ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரான்கள் படப்புள்ளி எனப்படும் நுண்கட்டங்களில் சேர்ந்து, வரிசை வரிசையாக நகர்த்தப்பட்டு, சில்லின் ஓர் ஓரத்தில் அளக்கப்படுகின்றன; வெப்பத்தால் தாமே எழும் எலக்ட்ரான்களை அடக்கத் திரவ நைட்ரஜனால் சில்லைக் குளிர்விக்க வேண்டும். 2.34 மீட்டர் தொலைநோக்கியில் பயன்பட்ட சில்லொன்றில் 1024க்கு 1024 புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 24 மைக்ரான் அகலமுடையது. இன்றைய கைப்பேசிகளில், புள்ளிதோறும் தனிப் பெருக்கியுடைய சிமாஸ் என்னும் உறவுமுறைச் சில்லில் ஒரு புள்ளி ஏறத்தாழ 1 மைக்ரான்தான்.

சில்லு வந்தவுடன் தகடு தோற்றுவிட்டதாகக் கருதுவது பிழை. ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பக்கமுடைய அச்சில்லு, முழு நிலவின் விட்டத்தில் பாதியளவுகூட இல்லாத வான்துண்டையே ஒரு நேரத்தில் கண்டது. அகன்ற பரப்பைப் படமெடுப்பதற்கென்றே அமைந்த 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியோ பல பாகை அகலத்தைத் தகட்டின் வழிவந்த ஒரே படச்சுருளில் அடக்கியது. எங்கே இருக்கிறது என்று முன்னரே தெரியாத ஒன்றைத் தேடுவதற்கு இந்த அகலமே தேவைப்பட்டமையால், சிறுகோள்களுக்கான கல்கி என்னும் தேடல் திட்டம் ஷ்மிட் கருவியையே நாடியது. சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861இல் ‘ஆசியா’ என்னும் சிறுகோளைக் கண்ணால் தேடிக் கண்டறிந்தார்; காவலூரிலோ இத்திட்டத்தில் ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்டறிந்த 4130ஆம் எண் சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.