சீனி பூசிய இதயம்: ஒரு பிஸ்கட் பிறந்த கதை

ஐசிங் சீனிப் பொட்டலத்தின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. படித்தால், சீனிக்கு அடுத்தபடியாகச் சோளமாவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கலப்படமோ என்று பதற வேண்டாம். சீனித்தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிப் போகாமல் இருக்கத்தான் அந்தச் சிட்டிகை மாவு. கடல்காற்று நேராக வீட்டுக்குள் நுழையும் போர்ட் கிள்ளானில் அதுவும் இல்லையென்றால், திறந்து வைத்த பொட்டலம் சில நாளில் செங்கல்லாகிவிடும்.

இந்தத் தந்திரத்துக்கு வயது 250க்கு மேல். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மிட்டாய்க் கடை நடத்திய எலிசபெத் ராஃபல்ட் என்ற அம்மையார் 1769இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அதில் கல்யாணக் கேக்கின் மேல் பூசும் பூச்சுக்கு அவர் சொல்லும் அளவு இது: நன்றாகச் சுத்திகரித்த சீனி இரண்டு பவுண்டு, அதோடு ஸ்டார்ச் இரண்டு அவுன்ஸ், ஐந்து முட்டையின் வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவைத் தட்டில் ஊற்றிக் கத்தியால் அரை மணி நேரம் அடிக்க வேண்டும். அடித்தது வீட்டு எஜமானியாக இருந்திருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இன்றைக்குப் பிப்ரவரி 14 நெருங்கும்போது பண்டமாறானிலோ கிள்ளான் நகரிலோ ஒரு பெண் வீட்டுச் சமையலறையில் இதய வடிவ பிஸ்கட்டுகளின் மேல் பிழிகிறாளே வெள்ளைப் பூச்சு, அது இதேதான். முட்டைக்குப் பதில் பவுடர் வந்திருக்கிறது, கத்திக்குப் பதில் மின்சார மிக்சர் வந்திருக்கிறது. மற்றபடி ராஃபல்ட் அம்மையார் எழுந்து வந்தால் வேலையை அப்படியே தொடர்வார்.

அந்தக் காலத்தில் இந்தப் பூச்சு ருசிக்காக மட்டும் வந்ததல்ல. சீனியை எத்தனை முறை சுத்திகரித்தார்களோ அத்தனை வெள்ளை. எத்தனை வெள்ளையோ அத்தனை விலை. கேக் மேல் தூய வெள்ளையில் பூசிக் காட்டுவது, கல்யாண வீட்டுக்காரரின் பணத்தைக் காட்டுவதுதான். 1840 பிப்ரவரி 10ஆம் தேதி விக்டோரியா மகாராணிக்கும் ஆல்பர்ட்டுக்கும் கல்யாணம் நடந்தபோது வைத்த கேக்கின் எடை ஏறத்தாழ 300 பவுண்டு, சுற்றளவு மூன்று கஜம். அதற்குப் பிறகு இந்த வெள்ளைப் பூச்சு அரச குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ராயல் ஐசிங் என்று இன்றும் கடைகளில் கேட்டு வாங்குகிறோம்.

கேக்கை விட்டுவிடுவோம். பிஸ்கட்டில் சீனியால் கோடு போட்டுக் காதலிக்குக் கொடுக்கும் வழக்கத்துக்கு ஐரோப்பாவில் இன்னொரு ஊர் உரிமை கொண்டாடுகிறது, என்னைக் கேட்டால் அந்த உரிமைதான் வலுவானது. வட குரோவேஷியாவில் லிசிதார் என்றொரு பண்டம் உண்டு. தேன் கலந்த மாவை இதய வடிவில் சுட்டு, பளிச்சென்ற சிவப்புப் பூசி, ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்து, நடுவில் சின்னக் கண்ணாடித்துண்டு ஒன்றைப் பதிப்பார்கள். வாங்குகிறவள் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கென்றால் மணமக்கள் பெயரும் தேதியும் எழுதுவதுண்டு. 2010இல் யுனெஸ்கோ இந்தக் கைத்தொழிலை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சாப்பிடுவதைவிடச் சுவரில் மாட்டி வைப்பவர்களே அதிகம் என்பது அந்தப் பண்டத்தின் துரதிர்ஷ்டம்.

ஆக, பூச்சு ஒரு பக்கம், இதயம் ஒரு பக்கம். இரண்டும் சாதாரணமானவர் கைக்கு எப்போது வந்தன? சீனி விலை இறங்கியபோது. பிரிட்டன் 1874இல் சீனி மீதான தீர்வையை அடியோடு எடுத்தது. இந்த ஆண்டைச் சொல்லிவிட்டு வரலாற்றுப் புத்தகங்கள் அடுத்த பக்கம் போய்விடும். நம்மால் அப்படிப் போக முடியாது. சீனியை மலிவாக்கியது சட்டம் மட்டுமல்ல, கரும்புத் தோட்டத்துக் கூலி. மலாயாவுக்குத் தமிழர்கள் ரப்பருக்காக வந்தார்கள் என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ரப்பருக்கு முன்னால் கரும்பு இருந்தது. இன்று செபராங் பிறை என்று அழைக்கப்படும் அன்றைய வெல்லெஸ்லி மாநிலத்தில், பத்து காவான், நிபோங் திபால் பக்கம், 1840களிலிருந்து ஐரோப்பியர் கரும்புத் தோட்டங்கள் போட்டார்கள். அவற்றுக்குத்தான் நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கொத்துக் கொத்தாகக் கப்பலேறினார்கள். முன்பணம் வாங்கிய கடனுக்கு ஆண்டுக்கணக்கில் கரும்பு வெட்டினார்கள். கெலிடோனியா தோட்டம் என்ற பெயர் நிபோங் திபாலில் இன்றும் வழங்குகிறது.

அந்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. அதே 1910இல், இங்கிலாந்தின் ரெடிங் நகரில், ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் கம்பெனி தன் குட்டி பிஸ்கட்டுகளின் மேல் முதல்முறையாக ஐசிங் பிழிந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் குட்டி பிஸ்கட்டின் கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஐசிங் என்ற சொல் தெரியாத வயதிலேயே மலேசியப் பிள்ளைகளின் வாய்க்குள் போன முதல் ஐசிங் பிஸ்கட் அதுதான். 1850களில் பிஸ்கட்டை எப்படியோ சிறிதாக்கப் பார்த்து, எதிர்பார்த்ததைவிடச் சிறிதாகிப்போய், சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று கிடைத்தது என்று ரெடிங்கில் சொல்கிறார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதன் தலையில் கூம்பாக ஒரு சுழி ஐசிங் ஏறியது. ரோஜா நிறம், மஞ்சள், பச்சை, வெள்ளை. மலாயா மளிகைக் கடைகளில் சதுரத் தகர டின்னில் நிரப்பி நிறுத்து விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அதை ஒரே மாதிரிதான் தின்கிறார்கள்: முதலில் தலையைக் கடித்துத் துண்டாக்கி நாக்கில் ஊறவைப்பது, மொட்டை பிஸ்கட்டை யாருக்காவது கொடுத்துவிடுவது.

இனிப் போர்ட் கிள்ளானுக்கு வருவோம். 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹம் என்ற பெயரில் இந்தத் துறைமுகம் திறந்தபோது, சதுப்புநிலத்துக் கொசு அதை முதலில் வரவேற்றது. மலேரியாவில் ஆட்கள் விழுந்த வேகத்தில் துறைமுகத்தையே தற்காலிகமாக மூடினார்கள். மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகுதான் ஊருக்கு உயிர் வந்தது. வாய்க்கால் வெட்டிய கைகளில் பெரும்பாலானவை எந்தக் கைகள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1972இல் ஊர்ப்பெயர் போர்ட் கிள்ளான் ஆனது.

துறைமுகத்துக்குத் தெற்கே கேரித் தீவு இருக்கிறது. பெயர் கொடுத்த தோட்டத் துரையின் முழுப்பெயர் எட்வர்ட் வேலண்டைன் ஜான் கேரி. காதலர் தினக் கட்டுரைக்கு இப்படி ஒரு பெயர் பக்கத்துத் தீவிலேயே கிடைக்கும் என்று யார் கண்டார்கள்! அந்த மனிதருக்குக் காதலோடு என்ன சம்பந்தம் இருந்ததோ, நிலத்தோடு இருந்த சம்பந்தம் மட்டும் பெரியது. இன்று தீவு முழுக்கச் செம்பனை.

செம்பனைதான் இந்த பிஸ்கட்டின் மூன்றாவது தாத்தா. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே வாணிப அளவில் செம்பனை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. பின்னாளில் அவர் மலாயா பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கினார் என்பது துணைச் செய்தி. பிஸ்கட்டுக்குத் தேவையான செய்தி வேறு: செம்பனை எண்ணெயைக் குளிரவைத்துப் பிரித்தால் திரவப் பகுதி தனியாகவும் கெட்டிப் பகுதி தனியாகவும் வரும். கெட்டிப் பகுதியிலிருந்துதான் மார்ஜரினும், பேக்கரிகளில் ஷார்ட்டனிங் எனப்படும் வெள்ளைக் கொழுப்பும் செய்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? வெண்ணெய் 32, 35 டிகிரியில் உருகும். போர்ட் கிள்ளானில் பிற்பகல் வெயிலே 32, 33 டிகிரி. ஐரோப்பியச் சமையல் குறிப்பில் உள்ளபடி சுத்த வெண்ணெயில் கிரீம் அடித்துப் பூசினால், தஞ்சோங் ஹராப்பான் கடற்கரையில் டப்பாவைத் திறக்கும்போது இதயத்தில் ஒழுகி நிற்கும். ஆகவே உள்ளூர் பேக்கரிகள் வெண்ணெயோடு வெள்ளைக் கொழுப்பைக் கலந்தன. சில சமையல் பண்டிதர்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். அவர்கள் குளிர்பதனம் போட்ட அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

மாவு கதை சுருக்கமானது. மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. மொத்தமும் கப்பலில் வர வேண்டும். 1960களில் ரோபர்ட் குவோக்கின் பெடரல் பிளவர் மில்ஸ் இந்தத் துறைமுகத்தில் ஆலை போட்ட பிறகு, கோதுமையாக வந்து இறங்கி மாவாக வெளியே போயிற்று. அதே குவோக் 1959இல் மலாயன் சீனி உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கிப் பிறையில் சுத்திகரிப்பு ஆலை கட்டினார். ஒரு காலத்தில் கரும்பு விளைந்த அதே வட்டாரம்தான் பிறை. இந்தமுறை கச்சாச் சீனி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. மாவு, சீனி, கொழுப்பு மூன்றும் உள்நாட்டு ஆலைகளிலிருந்து வரத் தொடங்கியதும், துரை பங்களாவின் குசினியில் ஹைனானியச் சமையல்காரரும் நம்மவரும் சுட்டுக்கொடுத்த பண்டம், தொடர்வீடுகளின் சமையலறைக்கு இறங்கி வந்தது.

அங்கே அதை வரவேற்க ஏற்கெனவே ஆள் இருந்தது. தீபாவளிக்கு மலேசியத் தமிழ் வீடுகளில் முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை வரிசையில் சூஜி பிஸ்கட்டும் உண்டு. நெய்யும் மாவும் சீனித்தூளும் பிசைந்து உருட்டிச் சுட்டு, மேலே மறுபடி சீனித்தூள் தூவுவார்கள். வாயில் போட்டால் கரைந்து மாவாகிவிடும். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவளுக்கு இதய பிஸ்கட் சிரமமே இல்லை. தூவிய சீனித்தூளை இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் அதுவே ஐசிங்.

பண்டிகை? அது சற்றுச் சிக்கலான விஷயம். 2005இல் தேசிய ஃபத்வா மன்றம், முஸ்லிம்கள் காதலர் தினம் கொண்டாடக்கூடாது என்று அறிவித்தது. 2011இல் அதற்கு எதிராக எச்சரிக்கைப் பிரசாரமும் நடந்தது. மற்றவர்கள் கொண்டாடத் தடை எதுவுமில்லை. சீனர்களுக்கோ வெகுகாலமாகவே சொந்தக் காதலர் தினம் இருக்கிறது. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவான சாப் கோ மே அன்று, கல்யாணமாகாத பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டிக்கொண்டு மெண்டரின் ஆரஞ்சை நீரில் எறிவார்கள். பினாங்குக் கடற்கரையில் வேர்விட்ட இந்த வழக்கம் பெட்டாலிங் ஜெயாவின் தாமான் ஜெயா ஏரிக்கும் வந்து சேர்ந்தது. இப்போது பழத்தின் தோலில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி எறிகிறார்கள். விதிக்கு முகவரி கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்தான். 2014இல் சாப் கோ மேயும் பிப்ரவரி 14உம் ஒரே நாளில் வந்தன. பூக்கடைக்காரருக்கும் பழக்கடைக்காரருக்கும் ஒருசேர அடித்த யோகம். பிஸ்கட் சுடுகிறவர்களுக்கும்தான்.

செய்முறை எளிது. எடைக்கணக்கில் ஒரு பங்கு சீனித்தூள், இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. நூறு கிராம், இருநூறு, முந்நூறு என்று வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்குப் போதும். உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்து, தேய்த்து, குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அச்சால் வெட்ட வேண்டும். இந்த அரை மணி நேரத்தைத் திருடினால் இதயம் அடுப்பில் பரவி மாவிலை வடிவத்துக்கு வந்துவிடும். 170 டிகிரியில் ஓரம் லேசாகச் சிவக்கும்வரை, ஏறக்குறைய 12 நிமிடம். முழுக்க ஆறவிடாமல் பூசக்கூடாது.

பூச்சுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, 180 கிராம் அளவுக்கு ஐசிங் சீனி, புளிப்புக்கு எலுமிச்சை இரண்டு சொட்டு. பச்சை முட்டைக்கு அஞ்சுகிறவர்கள் கேக் சாமான் கடையில் மெரிங் பவுடர் கேட்டு வாங்கலாம். கரண்டியைத் தூக்கினால் வழிந்து விழும் நாடா, பத்து எண்ணுவதற்குள் மற்றதோடு கலந்து சமமாகிவிட வேண்டும். அதைவிடச் சீக்கிரம் கலந்தால் சீனி போதாது, நேரமெடுத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர். பிப்ரவரியில் எல்லோர் வீட்டிலும் புத்தாண்டு மெண்டரின் ஆரஞ்சு மிஞ்சிக் கிடக்கும். எலுமிச்சைக்குப் பதில் அதன் தோலைத் துருவிப் போட்டால், மேலைநாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு மணம் வரும். மழை நாளில் இந்தப் பூச்சு காயவே காயாது. விசிறியைத் தாழ வைத்து எதிரே அடுக்குங்கள், காய்ந்ததும் டப்பாவில் மூடிவிடுங்கள்.

சிவப்பு வேண்டுமென்றால் தண்ணீர்ச் சாயம் வேண்டாம், ஜெல் சாயம் வாங்குங்கள். முந்திய நாள் இரவே கலந்து மூடி வைத்தால் காலைக்குள் நிறம் தானாக ஏறிவிடும். அவசரப்பட்டுக் கூடுதலாகப் பிழிந்தால் நாக்கில் கசக்கும்.